ஒரு சாண் சூரியன்

அக்டோபர் கடைசியில் போன சூரியன்
இன்னும் வரவில்லை.
ஸ்வால்பார்டில், நீ-ஒலேசுன்னில்
இன்று டிசம்பர் பதினேழு, பகல் பதினொன்று,
கும்மிருட்டு.

கதவைத் திறக்குமுன் துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிறேன்.
கரடிக்காக.
ஊரில் கம்பியில்லா இணைப்பு கிடையாது.
கைப்பேசிகள் வாய்பொத்திக் கிடக்க வேண்டும்.
அறுநூறு கோடி ஆண்டு நடந்து வந்த ஒரு முனகலை
யாரோ ஒருவரின் சமையல் வீடியோ
விழுங்கிவிடக் கூடாதே.

தட்டு திரும்புகிறது. அதன் விளிம்பிலிருந்து பனி உதிர்கிறது.
இன்றைய குவேசாருக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்.
பூமியைத் துளைத்து அளந்தால்
பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் மொகோட்ஸியின் தட்டும்
அதையேதான் பார்க்கிறது.
அங்கே கோடை. வியர்வையைத் துடைத்துவிட்டு
அவன் தட்டச்சு செய்கிறான்:
மாரிட், உன் கடிகாரம் நலமா?
நலம். உன்னுடையது?
வழக்கம்போல் அவசரக்குடுக்கை.

உண்மைதான். அவன் மேசர் மேட்டு நிலத்தில் இருக்கிறது,
என்னுடையது கடலோரம்.
மேட்டில் காலம் ஒரு பொடி எட்டு கூடுதலாய் வைக்கும்.
நாளுக்குப் பதின்மூன்று நானோநொடி.
இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள
எனக்கு முதல் வருடம் முழுக்கத் தேவைப்பட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஹல்வார்
காட் மீனோடு ஒரு கேள்வியையும் வைத்தான்.
ராத்திரி பகலாய் எதைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறாய்?
சூரியனை, என்றேன்.
கரண்டி பாதியில் நின்றது.
இல்லாத சூரியனையா?

இல்லை என்று யார் சொன்னது?
தெற்கு மலைகளின் அடியில்,
பன்னிரண்டு பாகை கீழே, இப்போதும் இருக்கிறது
அந்தப் பெரும் பாரம்.
நாம் பார்க்காததால் அதற்கு எடை குறையவில்லை.
அதற்கு முகம் காட்டாமல்
தோளை மட்டும் காட்டி நின்றாலும்
உச்சியில் வரும் ஒளியை அது தொட்டு, சற்றே வளைத்து,
பிறகுதான் நம்மிடம் அனுப்புகிறது.

எவ்வளவு சற்று?

ஒரு பாகையை மூவாயிரத்து அறுநூறாய்ப் பிரி.
அதில் ஒன்றை எடுத்து ஆயிரமாய் அரி.
அந்தத் துண்டுகளில் நான்கு.

வெங்காயத்தைக்கூட நான் அவ்வளவு பொடியாய்
நறுக்கியதில்லை என்றான்.

நறுக்காமல் விட்டால், ஹல்வார்,
எனக்கும் மொகோட்ஸிக்கும் நடுவே
ஒரு சாண் தப்பிவிடும்.

ஈரக் கையை மேசையில் விரித்தான்,
கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை.
இவ்வளவா?
அவ்வளவேதான்.
வியாழனும் கொஞ்சம் வளைக்கும். நம் காலடி பூமியும்
போகிற ஒளியிடம் சில்லறை கேட்கும்.
எல்லாச் சுங்கத்தையும் கழித்த பிறகே
எனக்கு வேண்டியது தெரியும்:
பனியாறுகள் உருகி, முதுகுச் சுமை இறங்கி,
இந்தத் தீவு ஆண்டுக்கு ஒரு நகமளவு
மேலே எழுந்துகொண்டிருக்கிறது.
நகத்தைப் பார்க்கச் சாணைத் தள்ள வேண்டும்.

அவன் மேசையில் பதிந்த ஈரத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான். மீன் ஆறியது.

இரண்டு மணிக்கு மொகோட்ஸி எழுதினான்:
இடி. தட்டை நிறுத்துகிறேன். மீதி நாளைக்கு.
பதிவில் பதினான்கு நிமிடம் ஓட்டை.
திட்டத் தோன்றியது. திட்டவில்லை.
அவன் வானத்தில் ஏதாவது நடக்கவாவது செய்கிறது.

மாலை, அதாவது கடிகாரம் மாலை என்று சொன்னபோது,
அடுக்களைப் பலகையைக் கடந்தேன்.
'சூரியன் வர இன்னும் அறுபத்து மூன்று நாள்'
என்று காலையில் எழுதியிருந்தான்.
இப்போது 'வர' அழிந்திருந்தது.
அந்த இடத்தில், கொஞ்சம் கோணலாய், 'தெரிய'.

துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
கரடிக்கும் எடை உண்டு.
அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.