பிரித்தால் செல்லாது

முழுசாகவே வாங்கிவிடலாம் என்றான் திமோன்.
ஒரே பெட்டி, ஒரே ரசீது,
கெட்டால் ஒரே ஆளைத் திட்டலாம்.
கட்டுபடியாகாது என்றேன்.
நாமே கட்டுவோம்.

நாங்கள் கட்டிக்கொண்ட வருடம் அது.
வூச் நகரத்தில், மூடிய நூற்பாலை ஒன்றை
அறுத்துக் கூறுபோட்டு வீடுகளாக்கியிருந்தார்கள்.
எங்கள் கூறு மூன்றாம் மாடி.
ஊரின் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
ஆறுகளையோ மண்ணுக்குள் தள்ளி
மேலே டிராம் விட்டிருக்கிறார்கள்.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.
மதர்போர்டு ஒரு செவ்வாய்க்கிழமை.
ப்ராசஸர் அடுத்த சம்பளத்தில்.
கிராபிக்ஸ் கார்டு போஸ்னான்காரன் ஒருவனிடமிருந்து;
இரவும் பகலும் காயின் தோண்டிக் களைத்த கார்டு,
சிகரெட் வாடை அடித்தது.
கேஸ் மட்டும் புதிது.
வைக்க இடமில்லாமல் இரண்டு வாரம்
அதன்மேல்தான் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டு
உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.
பசை பட்டாணி அளவு என்றது கையேடு.
வேகவைத்த பட்டாணியா, காய்ந்ததா என்று சண்டை.
பொத்தானை அமுக்கினால் ஒன்றுமில்லை.
கழற்றினோம். பூட்டினோம். மறுபடியும் கழற்றினோம்.
இரவு பதினொன்றரைக்குப் பின்பக்கம் தடவியபோது
பவர் சப்ளையின் சுண்டுவிரல் சுவிட்ச்
அணைந்தே இருந்தது.
நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு குபியாக்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
விசிறி சுற்றியது.
ஒரு திருகாணி மிஞ்சியது.
எங்கே போடவேண்டியது என்று தெரியவில்லை.
போடாமலே எல்லாம் ஓடியது.

ஏழு வருடம்.
ஜனவரியில் அதன் முதுகில் பாதம் வைத்துச் சூடேற்றிக்கொள்வேன்.
ஜூலையில் முனகும்;
இடது விலாவில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கும்.
எங்கே தட்டவேண்டும் என்று
எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.
இப்படி ஓர் இடம் அவனுக்கும் இருந்திருக்கலாம்.
நான் வேறெங்கோ தட்டிக்கொண்டிருந்தேன்.

பிரிந்தபோது சோபா அவனுக்கு, வாஷிங்மெஷின் எனக்கு.
கம்ப்யூட்டர்?
முழுசாக வாங்கியிருந்தால்
யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கவேண்டும்.
அது எங்களுக்கு வராது.
நாமே கட்டியதுதானே, பிரித்துக்கொள்ளலாம் என்றான்,
முதல்முறையாக என் கட்சிக்கு வந்து.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து
கட்டிய வரிசையின் தலைகீழ் வரிசையில் கழற்றினோம்.
கார்டு அவனுக்கு. ப்ராசஸர் எனக்கு.
ரேம் இரண்டு, ஆளுக்கு ஒன்று.
காய்ந்த பசையை யாரும் கேட்கவில்லை,
ஸ்பிரிட் தொட்டு நான் துடைத்தேன்.
கேஸ் இருவருக்குமே வேண்டாம்,
அந்தக் கேஸும் சரி, கோர்ட்டில் இருந்த கேஸும் சரி.
டார்ச்சைக் கேட்காமலே
சரியான இடத்தில் பிடித்தான் திமோன்.
கைகள் ஒருமுறைகூட இடித்துக்கொள்ளவில்லை.
இவ்வளவு ஒழுங்காக எதையும்
சேர்ந்து செய்ததில்லை நாங்கள்.
அதற்காகத் தேதியை மாற்றவா முடியும்?

இப்போது என்னிடம் இருப்பது கடையில் வாங்கியது.
சத்தம் போடாது. வேகம்.
நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்வானேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது,
அதற்கும் என்னைத் தெரியாது.
முதுகில் ஒரு வெள்ளி ஒட்டுத்தாள்:
பிரித்தால் உத்தரவாதம் செல்லாது.

நேற்று ரொட்டிக்கடையில்
பர்சைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கல்லாவில் இருந்த பெண் ஒன்றை மட்டும்
விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள்.
இது செல்லாதே என்றாள்.
அந்தத் திருகாணி.
எதிலும் ஏறாததால்
மரை இன்னும் புதுசாகவே இருந்தது.
இருபது க்ரோஷ் குறைந்தது.
வரிசையில் பின்னால் நின்றவர் கொடுத்தார்.