பத்தில் ஒன்று

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நூற்றிப் பத்து வண்டி.
நேற்று மாலை எர்ணாவூரில் வரிசைக்குள் செருகிய டிரெய்லர்
விடிந்தும் திருவொற்றியூரைத் தாண்டவில்லை.
இஞ்சினை அணைத்தேன்.
ஸ்டியரிங் மேல் பழைய பேப்பரை விரித்து
என் இன்னொரு வண்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு முழ நீளம். நாலு சக்கரமும் இழுக்கும்.
கிராலர் என்று பெயர். பாறையில் ஊர்வதற்கென்றே பிறந்தது.
பதினோரு பல் பினியனைக் கழற்றி ஒன்பது பல் மாட்டினேன்.
வேகம் குறைய வேண்டும் என்று
காசு கொடுத்து வாங்கும் சாமான் உலகத்தில் இது ஒன்றுதான்.
கிளீனர் இர்ஃபான் பெர்த்தில் புரண்டபடி சொல்கிறான்:
"அதுக்கு நம்ம வண்டியே போதுமேண்ணே."

காசிமேட்டில் வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டு
கால் கிலோ கேட்டபோது
எந்த வலை, இறால் வலையா என்றார் கடைக்காரர்.
சக்கரத்துக்கு என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
நாலு குண்டு சேர்த்துப் போட்டார்.
தட்டித் தகடாக்கி ரிம்முக்குள் சுற்றினேன்,
முன்சக்கரத்துக்கு எண்பது எண்பது கிராம்,
பின்னால் வெறும் ரப்பர்.
பாரம் தாழ்ந்திருந்தால் மலையும் ஏறலாம்.
என் முதுகுக்குப் பின்னால் நாற்பதடிப் பெட்டி,
சீல் வைத்தது.
உள்ளே என்ன, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது,
எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
இதில் ஒவ்வொரு கிராமும் நான் வைத்தது.

போன ஞாயிறு போட்டி.
கடலை நிறுத்தக் கொட்டிய கருங்கல்லில் ஏழு கேட்,
தெர்மாகோல் துண்டில் குத்திய ஈர்க்குச்சிதான் கேட்.
உரசினால் பத்து மார்க் போச்சு.
ஜெரால்டின் வந்திருந்தாள்,
ராயபுரத்தில் பல்செட் செய்கிறவள்.
அவள் ஜீப்பின் கதவு திறக்கும், கண்ணாடி இறங்கும்,
பின்னால் தொங்கும் கேனில்
குண்டூசித் தலை அளவு மூடி.
துருவுக்கு மட்டும் மூன்று வண்ணம் குழைத்திருந்தாள்.

நான் வண்ணம் எதுவும் பூசவில்லை.
பத்து நாள் பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டித்
தொங்கவிட்டேன், அவ்வளவுதான்.
எண்ணூர்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.
நடுவர் குனிந்து விரலால் தடவி
விரலைப் பார்த்தார்.
"தத்ரூபம்" என்று இரண்டு மார்க் கூட்டினார்.

ஐந்தாவது கேட்.
இரண்டு கல்லுக்கு நடுவே முன்சக்கரம் தொற்றி,
ஈயம் இழுத்து, மூக்கு நிமிர்ந்து, இதோ ஏறிவிட்டது என்னும்போது
டக்.
ஸ்டியரிங் கம்பியைப் பிடித்த திருகு
துருவேறி முறிந்தது.
ஒரு சக்கரம் எண்ணூரைப் பார்த்தது, ஒன்று துறைமுகத்தை.
வண்டியைப் பத்தில் ஒன்றாக்கலாம், டயரை, கதவை, கேனை.
துரு மட்டும்
ஒன்றுக்கு ஒன்று.
அலையும் அப்படித்தான்.
அது வந்து எல்லார் முழங்காலையும் நனைத்தது.

"திருகு போனதுகூடப் பரவால்ல," என்றாள் ஜெரால்டின்,
"சீட்டுல ஆளே இல்லையே. அதுக்கே அஞ்சு போயிருக்கும்."
ஈறுக்கு ஊற்றும் ரோஸ் அக்ரிலிக்
கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

இப்போது அதைத்தான் சீவிக்கொண்டிருக்கிறேன்.
தலை வந்துவிட்டது. தொப்பை தானாக வந்தது.
கால் கிடையாது, அந்த இடத்தில் பேட்டரி.
கைலி ஒட்டி மறைத்துவிடலாம்.
கண் வைக்கும்போது இர்ஃபான் எட்டிப் பார்த்து
"தூங்குற மாதிரி வைண்ணே, அதான் உண்மை" என்கிறான்.
வைத்தேன், ஒன்று திறந்து, ஒன்று பாதி மூடி.

பின்னால் ஹாரன்.
முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு ரோடு காலி.
பேப்பரோடு சேர்த்து எல்லாவற்றையும் இர்ஃபான் மடியில் தள்ளினேன்.
ஈயத் துணுக்கு ஒன்று கிளட்ச் அடியில் உருண்டது.
இருக்கட்டும்.
முதல் கியர்.
நூற்றி ஒன்பது.