பன்னிரண்டு கொக்கிகள்

கே.ஜி. ஒன்றுக்குக் குலுக்கல் நடந்த அன்று
தண்ணீர் கேனின் வாயைப் பெரிதாக அறுத்து
அதற்குள் சீட்டுகளைப் போட்டிருந்தார்கள்.
நூற்றிருபது இடம். முந்நூற்றுப் பதினோரு சீட்டு.
பெனிட்டா அறிவிப்பவரின் வாயையே பார்த்திருந்தாள்.
ஜெஃப்ரின் என் தோளில் தூங்கிப்போனான்.
அவன் விழிப்பதற்குள் ஓர் எண் வந்து சேர்ந்தது:
காத்திருப்போர் பட்டியலில்
அறுபத்து மூன்று.

சொஹாரில் தனியார் நர்சரியும் இருக்கிறது.
வாசலில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள்.
மாதம் எழுபது ரியால்.
என் சம்பளத்துக்கு அந்தக் கழுத்து எட்டாது.

ஆகவே எங்கள் பிள்ளை
ஒற்றைப் படுக்கையறை வீட்டில் படித்தான்.
டேப்லெட்டில் இந்தி.
கீழே காவல்காரர் ராஹத்திடம்
வங்காளத்தில் ஒன்று முதல் ஏழு வரை.
எட்டு வருவதற்குள் ராஹத்துக்கு
இரவு டியூட்டி மாறிவிட்டது.
காலையில் லிப்டில் நிற்கும் பிள்ளைகளின்
பை ஜிப்பை மெல்ல இழுத்துப் பார்ப்பான்.
அவர்கள் தட்டிவிடுவார்கள்.

பட்டியல் நகர்ந்தது.
அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது.
முதலில் ஐஸ்கிரீம் வாங்கினோம்.
பிறகு ஒருநாள் வாட்ஸப்பில்
ஷிபு வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன:
சோபா, வாஷிங் மெஷின்,
பின்சக்கரம் இரண்டு வைத்த சின்ன சைக்கிள்.
ஷிபுவின் கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள்.
அவன் மகள் குலுக்கலில் நான்காவதாக வந்தவள்.
மறுவாரம் நாங்கள் ஐம்பத்தெட்டு.

அதிலிருந்து எண் குறைந்தது என்று நான் சொன்னால்
பெனிட்டா எத்தனை என்று கேட்பதில்லை.
யாரு, என்பாள்.

பெற்றோர் கூட்டத்தில்
மாலை ஷிப்ட் வைக்கலாம் என்றார் ஒருவர்.
நாலு வயசுக் குழந்தை
மத்தியானம் தூங்குமா படிக்குமா என்றார் ஒருவர்.
கட்டடம் கட்ட இரண்டு வருடம் என்றார்கள்.
இரண்டு வருடத்தில் அவன் மூன்றாம் வகுப்புச் சட்டைக்கு
வளர்ந்துவிடுவானே என்று பெனிட்டா எழுந்து கேட்டாள்.
கணக்குத் தப்புதான். யாரும் திருத்தவில்லை.
கடைசியில் போர்ட்டா கேபின் என்று முடிவாயிற்று.

போர்ட்டா கேபின் எங்கள் யார்டில் கிடக்கிறது.
கிரேன் என் கையில்.

துறைமுக வேலை முடிந்து திரும்பிய சைட் ஆபீஸ்கள்.
சுவரில் ஹெல்மெட் எச்சரிக்கை மூன்று மொழியில்,
சிந்திய டீயில் செத்த எறும்புகள்,
பென்சிலில் யாருடைய ஊர் நம்பரோ.
மஞ்சள் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம்.
அந்த நம்பர் இன்னும் லேசாகத் தெரிகிறது.
பள்ளி மைதானத்தில் இரண்டை இறக்கி வைத்தேன்,
முட்டையை வைப்பதுபோல.
கேபினுக்கு இருபத்தைந்து பேர்.

அன்று மாலை நாங்கள் எட்டு.
யாரு என்றாள் பெனிட்டா.
யாரும் இல்லை என்றேன்.
யாரும் போகாமல் எங்கள் எண் குறைந்தது
அதுதான் முதல் தடவை.
அவள் நம்பாமல்
விற்பனைப் படங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

மூன்றாவது கேபின் இன்னும் யார்டில்.
இரண்டாவது கதவு வேண்டும்,
தீயணைப்பான் வேண்டும் என்கிறார் பலதியா ஆள்.
ஞாயிறு வந்து பார்ப்பாராம்.
கதவுக்குச் சுவரை அறுத்தாயிற்று.
வெள்ளிக்கிழமை, ஃபோர்மேன் கமீஸிடம் சொல்லிவிட்டு
ஜெஃப்ரினை யார்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஹெல்மெட் மாட்டும் கொக்கிகள் பன்னிரண்டும்
என் தலை உயரத்தில் இருந்தன.
சுவரோடு ஒட்டி நில்லுடா என்றேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
அவன் தோளுக்கு நேரே பென்சிலால் கோடு.
ஒவ்வொன்றாகக் கழற்றி
அந்தக் கோட்டில் முடுக்கினேன்.
மேலே பழைய ஓட்டைகள் வரிசையாக நின்றன.
அடைக்க நேரமில்லை.

இருபத்தைந்து பைக்குப் பன்னிரண்டு போதாது.
ஒன்று நானூறு பைசா. இன்னும் பதின்மூன்று.
நான் கணக்குப் போடும்போது
அவன் கொக்கிகளைத் தொட்டுத் தொட்டு
ராஹத்தின் மொழியில் எண்ணிக்கொண்டு போனான்.
ஏழு வரை.
கொஞ்சம் நின்றான்.
பிறகு மறுபடி
ஒன்றிலிருந்து ஐந்து.