கோடைக்குப் பூஜ்யம்

மே பதினைந்தில் கொதிகலன்கள் அணையும்.
செப்டம்பர் பதினைந்தில் மறுபடி மூளும்.
உலான்பாத்தரில் எங்களுக்கு
இந்த நாலு மாதம்தான் தரை;
மற்றதெல்லாம் பனிக்கட்டிமேல் நடை.

அதற்குள் ஒரு பதிப்பைத் தேர்ந்தாக வேண்டும்.

இப்போது ஓடுவதற்குப் பதிமூன்று வயசு.
நிறுத்தினால் எழுமா என்று தெரியாததால்
யாரும் அதை நிறுத்தியதில்லை.
அந்த பயத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மரியாதை.
செய்தவர்களோ
இனித் திருத்தம் கிடையாது என்று கைகழுவி
மூன்று குளிர்காலம் ஆயிற்று.

தெமூலென் புதியதைக் கேட்டான்.
ஏப்ரலில் வந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.
அதன் எண்ணைச் சொல்லும்போதே
புது பைக் வாங்கியவன்போல்
மணிக்கட்டை முறுக்கினான்.
இயக்குநர் தம்தின்சுரென் கேட்டது ஒன்றுதான்:
"எது இலவசம்?"
எல்லாமே என்றோம்.
"அப்புறம் எதற்குக் கூட்டம்?"

கூட்டம் நடந்தது.
உப்புப் பால்தேநீர் ஆறி ஏடு கட்டியது.
கட்டம் போட்ட தாளில்
ஆதரவுக் காலத்தை எழுதி வைத்தேன்:
புதியதற்குப் பத்து ஆண்டு,
அதற்கு முந்தியதற்கு ஆறு.
"பத்து பெரிதா, ஆறு பெரிதா?"
இப்படிக் கேட்டால் என்ன சொல்வது.
பத்து என்றேன்.

ஜூலையில் ஏற்றினோம்.
ஒரு பிழைச்செய்தி இல்லை.
முப்பது விநாடியில் எழுந்து நின்றது.
ஏழு கொதிகலன், ஏழு அழுத்தமானி,
திரையில் ஏழு பூஜ்யம்.
வெளியே ஏழும் ஜில்லென்று கிடந்தன.
கோடைக்குப் பூஜ்யம்தானே சரி?
தெமூலென் கைதட்டினான்.
நானும் தட்டினேன்.
இந்த வரியை விட்டுவிடப் பார்த்தேன், முடியவில்லை.

செரெந்துலாம் தட்டவில்லை.
மானிகளைப் பழுதுபார்ப்பவள்.
கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை,
அவளும் கேட்கவில்லை.
ஒரு மானியைக் கழற்றினாள்,
கம்பி அறாமல் கைப்பம்பில் பூட்டினாள்,
அழுத்தினாள்.
மூன்று.
ஆறு.
ஒன்பதில் முள் நடுங்கி நின்றது.

திரையில் பூஜ்யம்.

பழைய இடைமுக அட்டை.
அதற்கு டிரைவர் எழுதியவர்
எந்த ஊரோ, என்ன ஆனாரோ.
புதிய கர்னலுக்கு அவர் பேச்சு புரியவில்லை.
புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லாமல்,
என்ன ஆச்சு என்று கேட்டால்
நாம் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னது:
ஒன்றுமில்லை.

நெருப்பு மூட்டிய அன்றே கண்டுபிடித்திருப்போம்
என்றான் தெமூலென்.
உண்மைதான்.
அதற்குள் பழையதைக் காயலான்கடைக்குப் போட்டிருப்போம்,
தண்ணீர் குழாய்க்குள் புறப்பட்டிருக்கும்,
பன்னிரண்டு மாடி உயரத்தில் யாரோ
ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முந்தியதை ஏற்றினோம்.
மூன்று என்றாள், மூன்று என்றது.
ஆறு, ஆறு.
ஒன்பது என்பதற்குள் ஒன்பது.
யாரும் கைதட்டவில்லை.

படிவத்தில் 'தேர்வுக்கான காரணம்',
ஒற்றை வரிக்கு இடம்.
'ஒன்பதை ஒன்பது என்றது' என்று எழுதினேன்.
தம்தின்சுரென் படிக்காமல் முத்திரை குத்தினார்.

ஆறு ஆண்டு.
இதன் ஆதரவு முடிகிற மாதம்தான்
என் வீட்டுக்கடனும் முடிகிறது.
சர்வர் அலமாரிக் கதவின் உள்பக்கம்
சாக்கட்டியால் அந்தத் தேதியைப் போட்டேன்.
போட்ட பிறகுதான் பார்த்தேன்:
கீழே, வேறொரு கையெழுத்தில், வெளுத்துப்போய்,
இன்னொரு தேதி.
மூன்று குளிர்காலத்துக்கு முந்தையது.

துடைக்கக் கையெடுத்தேன்.
பம்பின் எண்ணெயைத் துணியில் ஒற்றிக்கொண்டே
செரெந்துலாம்
"இருக்கட்டும்" என்றாள்.