ஐந்து புள்ளி இரண்டு

தொண்ணூற்றொன்பது, என்றாள் நியெவெஸ் போனில்.
காய்ச்சலா என்று கேட்க வாயெடுத்து
கம்ப்யூட்டரென்று புரிந்து அடங்கினேன்.

ஸரகோசாவில் ஜூலை.
மருந்துக்கடைப் பலகையில் பச்சை எழுத்தில் நாற்பத்தொன்று.
தெரு முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டுக் கிடந்தது.
முதல் மாடியில் அவள் மட்டும்
எப்ரோ ஆற்றுக்கு வெள்ளம் வரவழைத்துக்கொண்டிருந்தாள்.
எந்த மழைக்கு எந்தத் தோட்டம் முங்கும்,
எந்தப் பாலத்தின் கால் எத்தனை மணிக்கு நனையும்,
எல்லாம் நான் பூட்டிக் கொடுத்த பெட்டிக்குள்.

அட்டையில் ஐந்து புள்ளி இரண்டு என்று போட்டிருந்ததே,
இது ஏன் இரண்டு புள்ளி ஒன்பதில் நொண்டுகிறது?

விளக்கினேன். விளக்குவதில் எனக்கொரு ருசி.
அது நூறு மீட்டர் ஓடுகிறவனின் கணக்கு, நியெவெஸ்.
ஒரே ஒரு கோர், குளிர்ந்த உடம்பு, சில நொடி.
பதினாறும் சேர்ந்து மூட்டை சுமக்கும்போது
அந்த வேகத்தைக் கேட்பது அநியாயம்.
கம்பெனி சத்தியம் செய்தது மூன்று புள்ளி ஐந்துக்குத்தான்.
மேலே வருவதெல்லாம் கொசுறு.
கொசுறுக்குச் சண்டை போடுவார்களா யாராவது?

சூடு?

நூறு வரை தாங்கும்.
நூறைத் தொட்டால் தானே நடையைக் குறைத்துக்கொள்ளும்,
செத்துப்போகாது.
உன்னையும் என்னையும் விட விவேகி.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
அதுதான் கஷ்டம்.
மூன்று புள்ளி ஐந்துக்குச் சத்தியமென்றால்
இரண்டு புள்ளி ஒன்பது எந்தக் கணக்கில் சேரும்
என்று அவள் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.
இப்படி இரண்டு கோடை.

அக்டோபரில் சியெர்சோ கிளம்பியது,
வடமேற்கிலிருந்து வந்து
சந்துக்குச் சந்து ஆளைத் தள்ளுகிற எங்கள் ஊர்க் காற்று.
பலகையில் பதினொன்று.
ஜன்னலைத் திறந்து வைத்தும் பெட்டிக்குள் தொண்ணூற்றொன்பது.
ஒரு வேலையும் கொடுக்காமல்
சும்மா கடிகாரம் காட்டும்போதே ஐம்பத்தெட்டு.
இனி வெயிலைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிப் போனேன்.
அவள் காபி வைக்கப் போனாள்.
நான்கு திருகு. கூலரை மெல்லத் திருப்பித் தூக்கினேன்.
செம்புக்கும் சில்லுக்கும் நடுவே
கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள்.
மூலையில் சின்னச் சிவப்பு நாக்கு,
அதில் நான்கு மொழியில்:
மாட்டும் முன் உரிக்கவும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு.
என் கையில் இருந்தது வெங்காயச் சருகு.
சட்டைப்பையே போதுமாக இருந்தது.

துடைத்தேன். புதுப் பசை, பட்டாணியளவு. இறுக்கினேன்.
ஆற்றைத் திறந்துவிடு, என்றேன்.
நாற்பது.
அறுபது.
அறுபத்தெட்டு.
எழுபத்தொன்றில் உட்கார்ந்துகொண்டது.
பதினாறு கோரும் நான்கு புள்ளி ஆறில்,
விசிறி முனகக்கூட இல்லை.
விடிய விடிய ஓடுகிற வெள்ளம்
இரவுச் சாப்பாட்டுக்குள் வடிந்துவிட்டது.

தூசியா? என்றாள்.
தூசி, என்றேன்.
ஒரு பாட்டில் கரிஞேனா ஒயினைக் கையில் திணித்தாள்.
அதையும் வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறினேன்.

சட்டையைத் துவைத்தது நான்.
கொடியிலிருந்து உருவிப்போனது சியெர்சோ.
நான்காம் மாடியிலிருந்து விழுந்தால்
அவள் முற்றத்தில்தான் விழும், வேறெங்கே?

மறுநாள் என் கதவடியில் சட்டை,
இஸ்திரி போட்டு, மடித்து.
மேலே அந்தத் தாள்,
சிவப்பு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு.
ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.
ஐந்து வாரம் லிஃப்டை விட்டுப் படியிலேயே ஏறினேன்.

டிசம்பரில் கதவைத் தட்டினாள்.
ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டராம்,
சாமானெல்லாம் வந்து இறங்கியிருக்கிறதாம், வா.

மேஜை நிறைய அட்டைப்பெட்டிகள்.
கூலரை அவளே முதலில் எடுத்தாள்,
கவிழ்த்தாள்,
சிவப்பு நாக்கைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தாள்.
உரித்ததை என் சட்டைப்பைமேல் ஒட்டிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது சொல், என்றாள்,
அந்த ஐந்து புள்ளி இரண்டு கதையை.