இரவுக்கென்று ஒரு கம்பி

பகலில் அதற்கு ஒரு குறையும் இல்லை.
பஞ்சிகாவத்தை ஒழுங்கையில்
ரம்சீன் பாஸ் மீற்றரின் இரண்டு முனைகளையும்
பற்றரியின் இரண்டு காதிலும் வைத்து
திரொட்டிலை முறுக்கச் சொன்னார்.
பதின்மூன்று தசம் எட்டு.
"உங்களையும் என்னையும் விட இது சுகமா இருக்கு தம்பி."
காசு வாங்கவில்லை.
அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

நானோ இரவு இரண்டு மணிக்குப் புறப்படுகிறவன்.
தெமட்டகொடையிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு,
சூரைக்கும் பாரைக்கும் கணக்கெழுத.
வண்டி எண்பத்திரண்டாம் ஆண்டுப் பென்லி,
என்னைவிட நான்கு வயது மூத்தது.

முதற் சந்தியில் லைற் வெள்ளை.
ஒருகொடவத்தை தாண்டும்போது பிளேன்ரீயின் நிறம்.
பாலத்தின் ஏற்றத்தில் சிக்னலைப் போட்டால்
சிமிட்டாது;
ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.
ஹோர்ன், தடிமன் பிடித்தவர் யாரையோ கூப்பிடுவதுபோல்.
பிறகு எஞ்சினும் போகும்.
களனி ஆற்றுக்கு மேலே
ஐஸ் லொறிகளின் வெளிச்சத்தைக் கடன்வாங்கி
எத்தனை இரவு தள்ளியிருக்கிறேன்,
மழையிலும் ஒருமுறை, அரிசி மூட்டையோடு ஒருமுறை.

பற்றரியை மாற்றினேன்.
மாற்றிய பற்றரியை மாற்றினேன்.
ரெக்டிஃபயரை மாற்றியது ஆத்திரத்தில்.
"நீங்கள் பார்க்காதபோதுதான் டொக்டர் பிள்ளை இருமுது"
என்று நிற்கும் தாயைப்போல
ஒவ்வொரு கராஜ் வாசலிலும் நின்றேன்.
பிள்ளை அவர்கள் முன் சிரித்தது.
ஆறு மணிக்கு எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

இரவில் வருகிற நோயை
இரவில்தான் பார்க்கவேண்டும் என்று தோன்ற
எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

போயா. வேலை இல்லை.
மாடிவீட்டு வாகனத் தரிப்பிடத்தில்
காவலாளி கருணாதிலக ரோர்ச் பிடித்தார்.
லைற்றை அணைத்து ஓடவிட்டேன்: பதின்மூன்று தசம் எட்டு.
லைற்றைப் போட்டேன்:
பன்னிரண்டு. பதினொன்று தசம் ஒன்பது. எட்டு. ஏழு.
"திரொட்டில்!" என்றேன்.
அவர் முறுக்கினார், இளவயதை நினைத்தோ என்னவோ, முழுக்க.
மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்து
எங்கள் இருவரின் தாய்மாரையும் விசாரித்தது.
ஆனாலும் எண் ஏறவில்லை.

மன்னிப்புக் கேட்டு அணைத்தோம்.
போனில் வயரிங் படத்தை
கோடுகள் உடைந்து கட்டங்களாகும்வரை பெரிதாக்கினேன்.
அங்கே இருந்தது.
லைற் சுவிட்சுக்கு இரண்டு வேலை:
விளக்கை எரிப்பது ஒன்று;
செலவு கூடியதும் இன்னொரு சுருளை எழுப்பி
"நீயும் வா" என்று கூப்பிடுவது மற்றது.
பகல் முழுக்க அந்தச் சுருள் சும்மா இருக்கும்.
அதற்கென்று ஒரு கம்பி, வெள்ளை.

ஹெட்லைற் கிண்ணத்தைக் கழற்றினேன்.
ஒரு செத்த கரப்பான்,
யாரோ ஒருவர் சுற்றிய மருத்துவப் பிளாஸ்டர்,
கூந்தலாய் வயர்கள்.
வெள்ளையில் ஒரு கீறலும் இல்லை.
மெல்ல இழுத்தேன்.
தோல் ரப்பராய் நீண்டது.
அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை,
நாலு அங்குலத்துக்குப் பச்சைத் தூள்.

"மேகத?" என்றார் கருணாதிலக.
இதுவா, இவ்வளவு நாளும் இதுவா என்று
அந்த ஒரு சொல்லில் எல்லாம் கேட்டார்.
ஓம், இதுதான்.
ரோர்ச்சை அணைக்க மறந்து
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த இரவு பாலத்தின் உச்சியில்
லைற், சிக்னல், பிரேக், ஹோர்ன்
நாலையும் ஒன்றாகப் போட்டேன்.
முன்னால் போன ஐஸ் லொறிக்காரன் திடுக்கிட்டு விலகி
கையை வெளியே நீட்டி ஏசினான்.
சரியான ஏச்சு. வாங்கிக்கொண்டேன்.

கட்டிலுக்குக் கீழே இப்போது
குற்றம் செய்யாத இரண்டு பற்றரிகள் கிடக்கின்றன.
ரெக்டிஃபயரும் ஒன்று.
வேண்டியவர்கள் வரலாம், விலை பேசிக்கொள்ளலாம்.
பகலில் மட்டும் வேண்டாம்,
தூங்குவேன்.