இன்னொரு கை

நாற்பத்து மூன்றாவது மூட்டை என்றார்.
மணியைக் கேட்டால் மூட்டையைச் சொல்கிற ஆள்.
கொள்முதல் நிலையத்தில் சிப்பத்தை இறக்கி நிமிர்ந்தபோது
பின்மண்டையில் யாரோ
மண்வெட்டியைத் திருப்பிப் போட்டார்களாம்.
"திரும்பிப் பாத்தேன் சிஸ்டர், யாருமில்ல."

பக்கிரிசாமி, ஐம்பத்திரண்டு. மீசையில் உமித்தூசி.
ஈரம் பதினேழுக்கு மேலே என்று திருப்பிவிட்ட நெல்லைச்
சாலையில் உலர்த்தியிருந்தார்கள்;
அதன்மேல் ஏறித்தான் ஆட்டோ வந்தது,
திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிக்கு,
மாசி மாதத்து மூன்று மணி வெயிலில்.

நெஞ்சு வலிக்குதா?
இல்ல.
முதுகு?
மூட்டை தூக்குறவன்கிட்ட முதுகக் கேட்டா
என்னத்தச் சொல்றது.
தலதான். தல மட்டுந்தான்.
இடது கை கொஞ்சம் மரக்குது, அது சும்மா.

டாக்டர் நஸ்ரின் வந்து ஆறு மாதம்.
மூளையில் குழாய் வெடித்திருக்கும் என்றார்.
நானும் அதையே நினைத்தேன்,
இருபத்தோரு வருஷப் பழக்கத்தில்.
ஸ்கேனில் மூளை அலம்பிவைத்த தட்டு.
ஒரு சொட்டுக் கசிவில்லை.
அப்படியானால் அடைப்பு.
ரத்தம் இளக்கும் ஊசியை எடுங்கள் என்றார்.

வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததால்
பிரஷர் பட்டையை இடதில் சுற்றினேன்.
நூற்றுப்பத்து.
வந்தபோது வலதில் நூற்றுத்தொண்ணூறு.
நடுவில் எண்பது எங்கே போயிற்று?

மிஷின் கோளாறு என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
அதை மறைக்க மாட்டேன்.

பிறகு இரண்டு மணிக்கட்டையும் ஒருசேரப் பிடித்தேன்.
வலதில் துள்ளுகிறது.
இடதில், முறை முடிந்த வாய்க்காலில்
கடைசித் தண்ணீர் நகர்வதுபோல்.

தலை, கடைமடை.
கடைமடையில் பயிர் வாடினால்
வாடிய வயலைத் தோண்டி என்ன பார்ப்பது?
மேலே எங்கோ, தலைமதகுப் பக்கம்,
கரைக்குள் நண்டு வளை.
வெளியே புல் பச்சையாய் நிற்கும், ஆடு மேயும்.
உள்ளே தண்ணீர்
மண்ணடுக்குக்கும் மண்ணடுக்குக்கும் நடுவில்
தனக்கென்று ஒரு வழி கிழித்துக்கொண்டு நடக்கும்.
வெண்ணாற்றங்கரையில் பிறந்தவளுக்கு
இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டாம்.
இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் சுவர்
அப்படி உரிந்துகொண்டிருந்தது,
கழுத்து வழியே ஏறிக்கொண்டு,
தான் வலிக்காமல்.

நஸ்ரின் ஊசியை டிரேயில் வைத்த சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.

மருந்தேற்றி நெஞ்சைப் படமெடுத்தோம்.
ஒரே குழாய்க்குள் இரண்டு ஆறு.
ஒன்று மெய்வழி, ஒன்று பொய்வழி;
பாடப் புத்தகத்திலேயே அதுதான் பெயர் என்றார் நஸ்ரின்.
பொய்தான் அகலமாக இருந்தது.

"தலவலிக்கு எதுக்கும்மா நெஞ்சு டாக்டரு?"
அவர் மனைவி அஞ்சம்மாள்,
கையில் அவருடைய செருப்பு.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் 108 கதவைச் சாத்திவிட்டார்கள்.

வடுவூர் தாண்டும்வரை பேசிக்கொண்டே போனாராம்,
நாற்பத்து நாலாவதை யார் தூக்கினது என்று.
தஞ்சாவூரில் அன்றிரவே
வேறெங்கோ அனுப்பியதாகக் கேள்வி.
எங்கள் பதிவேட்டில் 'மேல்சிகிச்சைக்கு'
என்று என் கையெழுத்து.
அதற்கடுத்த கட்டம் காலி.

இப்போது எல்லோருக்கும் இரண்டு கையிலும் பார்க்கிறேன்.
வரிசை நீள்கிறது, முணுமுணுக்கிறார்கள்.
நேற்று ஒருவருக்குப் பத்து வித்தியாசம்.
பத்து யாருக்கும் இருக்கும், எனக்கே இருக்கிறது.
ஆனாலும் பட்டையை அவிழ்த்து
மறுபடி சுற்றினேன்.